கரி மூட்டையில் கிடந்த ஓடு

கரி மூட்டையைப் பிரித்தால் உள்ளே கரி இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமா என்று கேட்பீர்கள். யுத்த காலத்து மதுரையில் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் அந்த ஆள் நான்தான். கரிக்கடை வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

ஒரு தடவை எங்கள் வீட்டுக்கு வந்த மூட்டையைக் கிணற்றடியில் கொட்டிப் பார்த்தேன். செம்மண் கட்டி விழுந்தது. தட்டினால் அதற்குள் ஒரு கூழாங்கல். ஆணியோடு ஒரு மாட்டு லாடம், சோடா பாட்டிலின் அடிக்கண்ணாடி, யாரோ போட்டுத் தேய்த்த செருப்பின் வார். எல்லாமே கரித்தூளில் புரண்டு ஒரே கறுப்பாகக் கிடந்தன. கையில் தூக்கிப் பார்த்தால்தான் கரி எது, கல் எது என்று தெரியும். எங்கள் அம்மா பொறுமைசாலி. முறத்தில் போட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தாள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அரிசியில் கல் பொறுக்குவோம், பருப்பில் பொறுக்குவோம். எரிக்கிற கரியிலுமா பொறுக்குவது என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்த நாளில் எங்களுக்குக் கரி இல்லாமல் முடியாது. அக்காவின் உடம்பு அப்படி இருந்தது.

அக்கா இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை நன்றாகப் பிறந்தது. அவள்தான் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கை வெளுத்துப்போய், ரேகைகூடத் தெரியவில்லை. கிணற்றடி வரை நடந்தால் மூச்சு வாங்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கால் வீங்கியிருந்தது. பிள்ளைக்குப் பால் போதவில்லை. அது அழுதே களைத்துத் தூங்கும். பெரியாஸ்பத்திரி லேடி டாக்டர் அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, "ரத்தமே இல்லையேம்மா" என்றார். ஊசி மருந்து ஒன்று இருப்பதாகவும், சண்டை நடப்பதால் கப்பல் வரவில்லை என்றும் சொன்னார். ஈரலும் சுவரொட்டியும் வாங்கிக் கொடுங்கள், விடாமல் கொடுங்கள், இப்படியே விட்டால் தாங்க மாட்டாள் என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அம்மா அந்தக் கடைசிப் பேச்சை மட்டும் எங்களிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

ஆட்டின் மண்ணீரலைத்தான் எங்கள் பக்கம் சுவரொட்டி என்போம். ஓர் ஆட்டுக்கு ஒன்றே ஒன்று, அதுவும் உள்ளங்கை அகலம். கறிக்கடைக்காரர் தெரிந்தவர்களுக்கு மட்டும் எடுத்து வைப்பார். அம்மா அவரிடம் சொல்லி வைத்து, விடிந்ததும் போய்த் தேக்கிலையில் மடித்து வாங்கி வருவாள். மஞ்சளும் உப்பும் மிளகும் தடவி, பழைய குடைக்கம்பியில் கோத்துத் தணலில் வாட்ட வேண்டும். குழம்பில் போட்டால் அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்துவிடும். சுட்டுக் கொடுத்தது மட்டும்தான் வயிற்றில் நின்றது.

விறகை எரித்துத் தணல் எடுக்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. நாங்கள் இருந்தது வளவு. ஒரே வாசலுக்குள் நாலைந்து குடித்தனம். முன்கட்டில் இருந்தவர்கள்தான் வீட்டுக்காரர்கள். சைவம். நாங்கள் கறி சமைப்பது அவர்களுக்குத் தெரியும்; தெரியாத மாதிரி இருந்துகொள்வார்கள். ஆனால் புகை முற்றத்தைத் தாண்டி முன்கட்டுக்குப் போனால் மறுநாள் அப்பாவைக் கூப்பிட்டு வைத்து, வேறு வீடு பார்த்துக்கொள்ளலாமே என்று மெதுவாகச் சொல்வார்கள். மில்லில் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்த மனுஷனிடம் அதைச் சொல்வார்கள். ஆகவே பின்பக்கம், கிணற்றடியில், புகையில்லாத கரியடுப்பு. வேறு கதி கிடையாது.

அந்தக் கரியும் கிடைக்கவில்லை. காரணம் பஸ். பெட்ரோல் இல்லாமல் போனதும் பஸ்களின் பின்னால் ஆள் உயரத்துக்கு இரும்பு உருளையை மாட்டி, அதில் கரியைக் கொட்டிப் புகையாக்கி ஓட்ட ஆரம்பித்தார்கள். ஊரில் வந்து இறங்குகிற கரியெல்லாம் அதன் வயிற்றுக்கே போனது. எங்கள் பக்கத்தில் வீடுகளுக்குக் கரி கொடுத்த கடை ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அந்தக் கடைக்காரர் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். கடைக்குப் பின்புறம் இரண்டு பெண்கள் பெரிய சல்லடையில் கரியைச் சலிப்பார்கள். ஒரே அளவாக, தூசியும் மண்ணும் இல்லாமல் பொறுக்கியது பஸ்ஸுக்கு. சல்லடையில் தங்கிய கல்லும், கீழே உதிர்ந்த மண்ணும் தூளும், கடையைப் பெருக்கிய குப்பையும் எங்கே போகும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. எங்கள் கிணற்றடிக்கு வந்தது.

ஒரு நாள் காலையில் அம்மா தணல் பிடித்து வைத்திருந்தாள். நான் குடைக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சுவரொட்டி சுருண்டு, ஓரம் சிவந்து, வாசனை வரத் தொடங்கிய நேரம். தணலுக்குள் படார் என்று வெடித்தது. ஏதோ ஒரு கல் சூடு தாங்காமல் தெறித்திருக்கிறது. தணல் என் பாவாடையில் விழுந்தது. நான் கம்பியை விட்டுவிட்டேன். சுவரொட்டி சாம்பலில் புரண்டு, கிணற்றடிச் சேற்றில் போய் விழுந்தது. அம்மா அதை எடுத்துக் கழுவப் பார்த்தாள். உடைந்த கண்ணாடித் துணுக்கு ஒன்று அதில் குத்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அறுத்த ஆடுகளில் எங்களுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அக்கா உள்ளே இருந்து, "வெந்துருச்சாம்மா?" என்று கேட்டாள். அந்தக் குரல் காதில் விழுந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அந்தக் கல்லின் சில்லையும் சோடா பாட்டில் அடியையும் மடியில் கட்டிக்கொண்டு கடைக்குப் போனேன்.

"அண்ணே, இது என்னண்ணே?"

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "கல்லு."

"கல்லுன்னு எனக்கும் தெரியுது. கரிக்குள்ள எப்பிடி வந்துச்சு?"

"காட்டுல இருந்து வருதுத்தா. காட்டுல கல்லு கெடக்கத்தான செய்யும்."

"காட்டுல சோடா பாட்டிலும் கெடக்குமா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பஸ்ஸுக்குப் போக மிச்சத்தத்தான் ஒங்களுக்குத் தாரேன். சண்டக் காலத்துல இம்புட்டாவது கெடைக்குதேன்னு இருக்கணும். வேண்டாம்னா மூட்டையக் கொண்டாந்து போட்டுட்டுப் போ. வாங்குறதுக்கு ஆளு நிக்கிது."

ஆள் நின்றது உண்மைதான். எனக்குப் பின்னால் கூடையோடு வரிசையாக நின்றார்கள். ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. எங்கே அவர்களுக்கும் கரி இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். எனக்கு அந்தக் கடைக்காரரைவிட அவர்கள்மேல்தான் அப்போது அதிகமாகக் கோபம் வந்தது. பதினாறு பதினேழு வயதில் அப்படித்தான் வரும்.

அதற்குப் பிறகு நானே கரியைக் கையால் தொட்டுத் தொட்டுத் தேர்ந்து அடுப்பில் போட்டேன். அக்கா கொஞ்சம் தேறினாள். சுவரைப் பிடிக்காமல் கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்து, நான் சுடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அளவுக்குத் தேறினாள். அந்த நேரம் பார்த்துத்தான் அத்தை வந்து இறங்கினாள்.

அத்தை என்றால் அப்பாவின் உடன்பிறந்த அக்காள். அவளுடைய மகனுக்குத்தான் அக்காவைக் கொடுத்திருந்தது. அலங்காநல்லூர்ப் பக்கம் காடு கரையோடு இருக்கிற குடும்பம். முருங்கைக்கீரைக் கட்டும், உமியில் பொதிந்த நாட்டுக்கோழி முட்டையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்திருந்தாள். அவளைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆனால் தீட்டு, துடக்கு என்று வந்துவிட்டால் அத்தையிடம் தெய்வமே வந்து பேசினாலும் எடுபடாது.

மறுநாள் நான் மூட்டையில் கைவிட்டுக் கரி தேர்ந்துகொண்டிருந்தேன். அத்தை பக்கத்தில் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் ஏதோ சொரசொரவென்று தட்டுப்பட்டது. எடுத்தேன். பானை ஓடு. உள்ளங்கை அளவு. ஒரு பக்கம் புகையேறிக் கறுத்து, மறுபக்கம் சிவப்பாக இருந்தது. நடுவில் ஓர் ஓட்டை.

மூட்டையில் ஓடு வருவது எனக்குப் புதிதில்லை. அடுத்த குப்பை என்று சுவரோரம் எறியப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதக் காட்டு."

காட்டினேன். அவள் முகம் வெளிறிவிட்டது. பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு எழுந்து, நாலு எட்டுத் தள்ளிப் போய் நின்றாள்.

"கீழ போடுடி அத. அது கொள்ளிக்குடத்து ஓடுடி."

அதற்குமேல் அவள் விளக்க வேண்டியதில்லை. எங்கள் வீடுகளில் சாவைப் பார்க்காதவர்கள் யார்? சிதைக்கு முன்னால் மகனோ புருஷனோ தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சுற்றி வருவான். பின்னாலேயே வருகிறவர் ஒவ்வொரு சுற்றுக்கும் குடத்தில் ஒரு துளை போடுவார். தண்ணீர் பீச்சியடிக்கும். கடைசியில் திரும்பிப் பார்க்காமல் குடத்தைப் பின்னால் போட்டு உடைப்பார்கள். அந்த ஓடுகள் அங்கேயே கிடக்கும். பானை ஓட்டில் ஓட்டை இருந்தால் எங்கள் ஆட்களுக்கு வேறு நினைப்பே வராது. கரி, அதோடு ஓட்டை ஓடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் அந்தக் கரி எங்கிருந்து அள்ளியது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எனக்கும்தான்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா வாசற்படியைப் பிடித்தாள். குனிந்து வாந்தி எடுத்தாள். முந்தின நாள் தின்றது, அதற்கு முந்தின நாள் தின்றது எல்லாம் சேர்ந்து வந்த மாதிரி இருந்தது. அடிபட்டதுபோல் கிடந்த அவளை நானும் அம்மாவும் தூக்கி உட்கார வைத்தோம். தலைக்கு ஊற்ற வேண்டும் என்று அத்தை அடம் பிடித்தாள். காய்ச்சல்காரியைப் போல் இருந்தவளுக்குக் கிணற்றுத் தண்ணீரைச் சேந்தித் தலையில் ஊற்றினார்கள். பிள்ளைக்கும் ஊற்றினார்கள். வீடெல்லாம் மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள்.

"பொணம் வெந்த கரியில சுட்டதத் தின்னுட்டு புள்ளைக்குப் பாலு குடுத்திருக்கா. இனிமே இந்த வீட்டுல சுட்டது ஒண்ணும் அவ வாயில படக் கூடாது. முட்டை இருக்கு, கீரை இருக்கு. அது போதும்" என்றாள் அத்தை.

"மதினி, டாக்டரம்மா சொன்னாகளே" என்று அம்மா இழுத்தாள்.

"டாக்டரம்மா பொணக் கரியில சுடச் சொன்னாகளா?"

கரி மூட்டையைத் தெருவில் கொட்டவும் பயம். முன்கட்டுக்காரர்கள் ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? வளவுக்குள் சுடுகாட்டுக் கரி வந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே சட்டி பானையைத் தூக்கச் சொல்வார்கள். மூட்டையைக் கிணற்றுக்குப் பின்னால் தள்ளி, மேலே சாணித் தண்ணீர் தெளித்து விட்டார்கள். அக்கா கீரையையும் முட்டையையும் வாங்கி வாயில் வைத்தாள். உள்ளே போகவில்லை. எதை வைத்தாலும் கரி வாடை அடிக்கிறது என்றாள். இரண்டொரு நாளில் பழையபடி சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். பிறகு சுவரைப் பிடித்தும் வர முடியவில்லை.

எனக்கு ஒரே ஆத்திரம். கல்லைப் போட்டான், பொறுத்துக்கொண்டோம். கண்ணாடியைப் போட்டான், பொறுக்கிப் போட்டோம். ரத்தமில்லாமல் கிடக்கிறவள் வாய்க்குப் போகிற தீயில் சவக் கரியைப் போட்டிருக்கிறானே! அந்த ஓட்டுத் துண்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனேன்.

இந்தத் தடவை அண்ணே கிண்ணே என்று ஒன்றும் சொல்லவில்லை. கல்லாவின் மேல் ஓட்டுத் துண்டை வைத்தேன். "கரி எங்கிட்டு இருந்து வருது? சுடுகாட்டுல அள்ளுறதா?" என்று கேட்டேன்.

கூடையோடு நின்ற கூட்டம் சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. ஒரு அம்மாள் அப்போதுதான் வாங்கிய கரியைக் கடை வாசலிலேயே கவிழ்த்துவிட்டு, அதில் கால் படாமல் ஒதுங்கி நடந்தாள். கல்லுக்கும் கண்ணாடிக்கும் வாய் திறக்காத கூட்டம் இப்போது பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே. கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவர் எழுந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"ஏத்தா, எம் பொழப்புல மண்ண அள்ளிப் போடாத. கற்பூரத்த அடிச்சுச் சத்தியம் பண்றேன், இது திருவாதவூர்க் கம்மாக்கரையில மூட்டம் போட்டு வார கரி. வண்டிக்காரன் கொண்டாந்து போடுறான். சந்தேகம்னா நீயே போயிப் பாத்துக்க."

"போறேன்" என்றேன்.

சும்மா ஒரு வீம்புக்குச் சொன்னேன். ஆனால் போக எனக்கு வழி இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, மேலூர்ப் பக்கம் போகிற கரி பஸ்ஸில் கிளீனராக இருந்தார். அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஓட்டுத் துண்டைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொடவில்லை. இருந்தாலும் கூட்டிப்போவதாகச் சொன்னார்.

பஸ் கிளம்புவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மாமா உருளையில் கரியைக் கொட்டித் தீ வைத்து, பக்கத்தில் இருந்த காற்றூதிச் சக்கரத்தைச் சுற்று சுற்றென்று சுற்றினார். ஏறிய ஜனங்கள் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார்கள். நான் அந்த உருளை அருகில் நின்று கரியைப் பார்த்தேன். ஒரே சீராக, பளபளவென்று, கழுவித் துடைத்து வைத்ததுபோல இருந்தது. ஒரு பொட்டு மண் இல்லை.

"மாமா, இதுல கல்லே இல்லையே?"

"இருந்தா விடுவாகளா? ஒரு கல்லு போச்சுன்னா உள்ள கட்டி கட்டியா அடச்சு வண்டி ரோட்டுல நின்னுரும். மொதலாளி கரிக்கடைக்காரன் தோல உரிச்சுருவாரு."

வண்டி நின்றுவிடுமாம். எங்கள் அக்காளின் மூச்சு நிற்கப் பார்க்கிறதே, அதற்கு யார் தோலை யார் உரிப்பது? ஒத்தக்கடை மேட்டில் வண்டி திணறி நின்றது. ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கித் தள்ளினேன், கோபத்தோடு.

திருவாதவூருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி வெயிலில் நடந்தோம். மாமா தன் முறையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு வந்தார். கண்மாய்க்கரைக் கருவேலங்காட்டுக்குள் புகை தெரிந்தது. ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெட்டிய கட்டைகளை மேடாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண்ணால் மெழுகியிருந்தது. உள்ளே நெருப்பு கனிந்துகொண்டிருந்தது. அந்த மண் மேட்டைச் சுற்றி இங்கும் அங்கும் சிறு சிறு துவாரம் விட்டிருந்தார்கள், காற்றுப் போகவும் புகை வரவும். மண் சரிந்து அடைத்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொரு துவாரத்தின் வாயிலும் ஒரு பானை ஓடு பதித்திருந்தது. ஓட்டின் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வெள்ளைப் புகை நூல் பிடித்தாற்போல் போய்க்கொண்டிருந்தது.

நான் துணியை அவிழ்த்து என் ஓட்டுத் துண்டை எடுத்தேன். ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் சிவப்பு. அதேதான்.

அந்தப் பெண் என் கையைப் பார்த்தாள். "அது எங்க ஓடுல்ல? மூட்டத்தப் பிரிக்கையில கரியோட சேந்து போயிருக்கும். இதக் குடுக்கவா இம்புட்டு தூரம் வந்தீக?"

மாமா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

"பொணம் எரிச்ச கரின்னா சொன்னீக? நாங்க மரம் வெட்டி, ராவும் பகலும் தீயப் பாத்துக் கெடக்கோம். கண்ணு அவிஞ்சு கெடக்கோம். எங்க கரியவா?"

"கல்லு வந்துச்சே. லாடம், சோடா பாட்டிலு எல்லாம் வந்துச்சே" என்றேன், விட்டுக்கொடுக்காமல்.

"இந்தக் காட்டுல யாரு சோடா குடிக்கிறா? நீயே தேடிப் பாரு. அள்ளுறப்ப ஒட்டுன மண்ணு எங்களோடது. ஓடு எங்களோடது. மத்ததக் கடையில போயிக் கேளு."

அவள் காலடியில் கிடந்த வேறோர் ஓட்டுத் துண்டை எடுத்து என் முன்னால் வீசினாள். "இதையும் கொண்டுபோயிக் காட்டு. ஓட்டை போட உளி வச்சிருக்கோம்னு சொல்லு."

எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு வந்தது நியாயமான கோபம். எங்கள் மூட்டைக்குள் வந்த அத்தனை குப்பையிலும் நேர்மையாக வந்து சேர்ந்தது அந்த ஓடு ஒன்றுதான். அதைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து சுடுகாட்டுக்கு அனுப்பிவைத்தோம். கல்லைப் போட்டவன் கற்பூரத்தை அடித்துச் சத்தியம் பண்ணித் தப்பித்துக்கொண்டான். அவன் செய்த சத்தியமும் பொய்யில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு ஓடுகளையும் எடுத்துக்கொண்டு பொழுது சாய வீடு வந்து சேர்ந்தோம். அத்தை பின்வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். நான் ஓடுகளை அவள் முன்னால் வைத்து மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டம், துவாரம், புகை, உளி. மாமாவும் தலையாட்டினார். அத்தை ஓடுகளைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"சரி. மூட்டத்துல வைக்கிற ஓடுதான். அந்த ஓட்ட அவுக எங்கிட்டு இருந்து எடுத்தாக?"

"ஒடஞ்ச பானையில இருந்து."

"ஒடஞ்ச பானை எங்க குமிஞ்சு கெடக்கும்? சொல்லு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு தூரம் வெயிலில் போய், அடுத்தவளிடம் திட்டு வாங்கி, கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். இவள் உட்கார்ந்த இடத்தை விட்டு நகராமல் ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கழுவி ஊற்றிவிட்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகம் இல்லை. அம்மா முன்கட்டைக் காட்டி, சத்தம் போடாதே என்று கெஞ்சியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அப்போது கிணற்றுக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. திரும்பினோம். அக்கா. எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை. சாணித் தண்ணீர் காய்ந்து கிடந்த மூட்டையின் வாயைப் பிரித்துக் கரியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எடுத்தாள். அம்மா ஓடிப்போய்த் தாங்கினாள். அக்கா அடுப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்து கரியைப் போட்டாள்.

"அம்மா, காலையில வாங்கிட்டு வந்தியே, அது இருக்கா?"

கறிக்கடைக்காரர் வழக்கம்போல் எடுத்து வைத்திருந்ததால், வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல் அம்மா அதை வாங்கி வந்திருந்தாள். உப்பில் புரட்டி மூடி வைத்திருந்தது. அம்மா அத்தையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், உள்ளே போய் எடுத்து வந்தாள்.

"ஏத்தா, வேணாம்" என்றாள் அத்தை. அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல்.

அக்கா அத்தையை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. கல்யாணத்துக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அத்தே, நான் இப்பிடியே போயிட்டேன்னா ஒங்க மகன்தான தோள்ல குடம் வச்சுச் சுத்தணும்? அது வேணாம்னுதான் திங்கிறேன்."

பிள்ளை உள்ளே சிணுங்கியது. மாமா வெளியே போய்விட்டார். நான் தணலைப் பிடித்து ஊதினேன். கண்ணீர் வந்ததற்குப் புகையைச் சாக்குச் சொல்ல முடியவில்லை, கரியில் புகையே வரவில்லை. அடுப்போரம் கிடந்த குடைக்கம்பியை எடுத்துக் கோத்துத் தணலின் மேல் பிடித்தேன். ஒரு பக்கம் கருகத் தொடங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அத்தை எழுந்து வந்தாள். ஓடுகளைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, பனையோலை விசிறியை எடுத்தாள்.

"கருகுதுடி. திருப்பு" என்றாள்.

திருப்பினேன். அத்தை விசிறினாள். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் குமட்டல் இல்லை, பசி இருந்தது. அதை எத்தனையோ நாள் கழித்துப் பார்த்தோம்.

தணலுக்குள் படார் என்று வெடித்தது. நெருப்புத் துண்டு ஒன்று தெறித்து அத்தையின் புறங்கையில் விழுந்தது. நான் இந்தத் தடவை கம்பியை விடவில்லை. அத்தை கையை உதறி, எச்சில் தொட்டு வைத்துக்கொண்டு, அடுப்புக்குள் குனிந்து பார்த்தாள். இரண்டாகப் பிளந்த கூழாங்கல் செக்கச் சிவந்து கிடந்தது.

"புள்ள பெத்தவ திங்கிற அடுப்புல கல்லப் போட்டு விக்கிறானா?" என்றாள். "எந்தக் கடைடி? காலையில நானும் வாரேன்."